கும்பகோணத்துச் சந்துக்கடையில் ஐரிஷ் நடன உடை தைத்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. கும்பகோணம் பெரிய கடைத்தெரு பக்கம், பாத்திரக்கடைகளைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சந்தில், பழைய ஓட்டு வீட்டின் திண்ணையை ஒட்டிய அறையில் இரண்டு தையல் மிஷின், மேலே மச்சில் ஆரி வேலைக்கான மரச்சட்டம் ஒன்று, அவ்வளவுதான் கடை. "நாட்டிய டிரஸ் தைக்கிற மாஸ்டர்" என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். அரங்கேற்றம், சிவராத்திரி நாட்டியாஞ்சலி, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று முப்பது வருஷத்துக்கு மேல் பரதநாட்டிய உடை மட்டுமே தைத்தவர். அவரிடம் போய் ஐரிஷ் டான்ஸ் போட்டிக்கு ஒரு உடை தைத்துத் தருவீர்களா என்று கேட்டேன். தைத்துத் தந்தார். அது எப்படி வந்தது, எங்கே சிக்கல் வந்தது, எவ்வளவு செலவானது எல்லாவற்றையும் எழுதுகிறேன். வெளிநாட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு உடை விலையைப் பார்த்துத் திகைத்து நிற்கும் எந்தப் பெற்றோருக்காவது உதவும்.

என் தங்கச்சி குடும்பம் டப்ளின் பக்கம் இருக்கிறது. மகளுக்கு 11 வயது. ஆறு வயதில் பள்ளித் தோழியோடு கூடப் போய் வகுப்பில் உட்கார்ந்தவள், அப்படியே பிடித்துக்கொண்டாள். இந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால், இடுப்புக்கு மேலே உடம்பு அசையாது, கை இரண்டும் பக்கவாட்டில் ஒட்டியபடி இருக்கும், எல்லா வேலையும் காலுக்குத்தான். மெல்லிய தோல் செருப்பு மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் ஆடுவது ஒரு வகை, நுனியிலும் குதிகாலிலும் ஃபைபர்கிளாஸ் வைத்த கனத்த ஷூவோடு தரையில் தட்டித் தட்டி ஆடுவது இன்னொரு வகை. போட்டியை ஃபெஷ் என்கிறார்கள். அங்கே கீழ்நிலையில் இருக்கும் வரைக்கும் நடனப் பள்ளியின் சீருடைதான், கல் பதித்த தனி உடை போடவே கூடாது. படிப்படியாக ஜெயித்து மேலே வந்தால்தான் தனக்கென்று ஒரு உடை. ஐந்து வருஷம் சனி ஞாயிறெல்லாம் போட்டிக்கு அலைந்து, எங்கள் பாப்பா அந்தப் படியை இந்த வருஷம்தான் தொட்டாள்.

தொட்ட பிறகுதான் விலை தெரிந்தது. புதிதாகத் தைக்கக் கொடுத்தால் 1500 யூரோவுக்கு மேல் கேட்கிறார்கள், நம் பணத்தில் ஒன்றரை லட்சம். வளரும் பிள்ளைக்கு அது இரண்டு வருஷம் வந்தால் பெரிது. அதனால் பலரும் பழைய உடையை வாங்கிக்கொள்கிறார்கள், அங்கே அதற்கென்றே ஒரு சந்தை நடக்கிறது. தங்கச்சியும் போட்டோவைப் பார்த்து ஒன்று வாங்கினாள். வந்து பிரித்தால் கக்கத்தில் வியர்வைக் கறை, தோள் ஒரு விரல் அகலம் கூடுதல், பாவாடை ஓரத்தில் கல் உதிர்ந்த இடமெல்லாம் பசைப் பொட்டு. விற்றவர் திரும்ப வாங்க மாட்டேன் என்றுவிட்டார். போனில் தங்கச்சி அழுதது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பணம் போனதற்காக அவள் அழவில்லை. பாப்பா அந்த உடையைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் கழற்றி மடித்து வைத்தாளாம், அதற்காக அழுதாள்.

நான் பாப்பாவைக் காதுகுத்துக்கு மடியில் உட்கார வைத்தவன். தாய்மாமன். அவள் முதல் முதலாக மேடையேறிப் போடும் தனி உடை என்னுடைய சீராக இருக்க வேண்டும் என்று சொன்னேன். மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்தார், உள்ளூரில் அனுபவப்பட்ட ஆள் தைத்தால்தானே சரியாக வரும் என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் ஆடுகிற உடம்புக்குத் துணி தைக்கத் தெரிந்தவர்கள் இந்த மண்ணை விட வேறெங்கே இருக்கிறார்கள்? பரதநாட்டியத்துக்கு முறை வகுத்த தஞ்சை நால்வர் இருந்த ஊர் நமக்குப் பக்கம், நாட்டியப் பாணிகளுக்கே பெயர் கொடுத்த பந்தநல்லூரும் வழுவூரும் கூப்பிடு தூரம். அந்த நம்பிக்கையில்தான் போனேன்.

ஜூலை முதல் வாரம் அவர்கள் லீவுக்கு வந்தார்கள். எட்டாம் தேதி நானும் தங்கச்சியும் பாப்பாவும் கடைக்குப் போனோம். தங்கச்சி போனில் பத்து இருபது படம் வைத்திருந்தாள், நடன டீச்சர் அனுப்பிய விதிமுறைப் பட்டியலும் இருந்தது. மாஸ்டர் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "படம் இருக்கட்டும்மா. பாப்பா ஆடிக் காட்டட்டும்" என்றார்.

அறையில் இடமில்லை, சிமெண்டுத் தரை வேறு, அதில் அந்தக் கனத்த ஷூ போட்டு ஆடினால் முழங்காலுக்கு ஆகாது என்று பாப்பா தயங்கினாள். அவர் உடனே பையனைக் கூப்பிட்டார். அந்தக் கடைக்கு இன்னமும் பழைய காலத்துப் பலகைக் கதவுதான், ஒன்று இரண்டு மூன்று என்று எண் எழுதிய தேக்குப் பலகைகளை ஒவ்வொன்றாகக் காடியில் இறக்கிப் பூட்டுவார்கள். அதில் ஆறு பலகையைத் திண்ணையில் நெருக்கி அடுக்கி, அடியில் சாக்கு போட்டுக் கொடுத்தார். பாப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அயர்லாந்தில் அந்தக் காலத்தில் வீட்டுக் கதவைக் கழற்றித் தரையில் போட்டு அதன்மேல்தான் ஆடுவார்களாம், டீச்சர் சொல்லியிருக்கிறார், "மாமா, இதுவும் கதவுதானே" என்றாள். அப்புறம் ஆடினாள். தேக்குப் பலகையில் அந்த ஷூ விழுந்த சத்தத்துக்குச் சந்தில் போன சைக்கிள் நின்றது, எதிர் வீட்டில் வெற்றிலைக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்துவிட்டார்.

மாஸ்டர் அவள் காலைப் பார்க்கவில்லை. தோளையும் கக்கத்தையும் இடுப்பையும் பார்த்தார். இரண்டாம் தடவை ஆடச் சொல்லி, பக்கவாட்டில் போய் நின்று பார்த்தார். முடிந்ததும் என்னிடம் சொன்னது இதுதான்: "சார், நம்ம நாட்டியத்துக்குக் கை எல்லாப் பக்கமும் போகும், அதனால கைக்குழியில துணி தாராளமா விடுவேன். இந்தப் பொண்ணு கையைத் தூக்கவே மாட்டேங்குது. கைக்குழிய நல்லா ஒட்ட வெட்டலாம், தோள் சிலை மாதிரி நிக்கும். ஆனா முட்டி நெஞ்சு வரைக்கும் வருது. முன்னாடி பாவாடைய ஒரே துண்டா விட்டா தடுக்கும்." அதோடு அவர் வழக்கமாக வைக்கும் விசிறி மடிப்பும் வேண்டாம் என்றார். அரைமண்டியில் உட்கார்ந்தால்தான் விசிறி விரியும், இவள் நேராக நிமிர்ந்தே நிற்கிறாள், மடிப்பு வைத்தால் சும்மா தொங்கும் என்றார். இரண்டு தடவை ஆடிக் காட்டியதிலேயே ஆட்டத்தின் உடம்பைப் புரிந்துகொண்டார். படத்தைப் பார்த்துக் காப்பியடிப்பவராக இருந்தால் இது நடந்திருக்காது. இந்தக் கடைக்கு நான் எவ்வளவு நட்சத்திரம் கொடுத்தாலும் அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான்.

"இது எந்த ஊர் ஆட்டம் கண்ணு, எத்தனை காலமா ஆடுறாங்க?" என்று கேட்டார். பாப்பா பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்து சொன்னாள். ஆட்டம் பழசு, போட்டிக்கும் டீச்சருக்கும் விதி வகுக்கிற அமைப்பு டப்ளினில் இருக்கிறது, உலகப் போட்டி 1970ல் டப்ளினில் ஆரம்பித்தது, டீச்சராக வேண்டும் என்றால் பரீட்சை எழுதித் தேற வேண்டும், நடுவராக அதற்கு மேலே இன்னொரு பரீட்சை. மேடையில் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் ஆடுவார்கள், ஒவ்வொருவரும் அவரவர் ஆட்டத்தை ஆட வேண்டும், பக்கத்தில் ஆடுகிறவளைப் பார்த்தால் போச்சு. "அப்போ உன் டிரஸ் மத்தவங்க டிரஸ்ஸுக்கு நடுவுல தெரியணும்" என்றார் மாஸ்டர். அப்படித்தான் நிறம் முடிவானது. அங்கே பளீர் பச்சை, ரோஸ், வெள்ளை எல்லாம் நிறைய வருமாம். நாங்கள் மயில்கழுத்து நிறத்தில் திருபுவனம் பட்டு எடுத்தோம், ஓரத்துக்கு அரக்கு. மேடை விளக்கில் திரும்பும்போது நீலமும் பச்சையும் மாறி மாறி அடிக்கும்.

அடுத்து அந்த மார்புப் பகுதி வேலை, இதை நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அயர்லாந்து உடைகளில் நெஞ்சிலும் பாவாடையிலும் முடிச்சு முடிச்சாக ஒரு பின்னல் கோலம் போடுவார்கள். அந்த ஊர்ப் பழைய கல் சிலுவைகளில் செதுக்கியிருப்பது அது, ஒரே கோடு வளைந்து வளைந்து தன் மேலேயே ஏறி இறங்கித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். தங்கச்சி அதன் படத்தை ஒரு தாளில் அச்சிட்டுக் கொண்டு போயிருந்தாள். ஆரி வேலை செய்வது மாஸ்டர் வீட்டம்மா. மச்சிலிருந்து இறங்கி வந்து தாளை வாங்கிப் பார்த்தவர், "இது சிக்குக் கோலம்தானே" என்றார். சாக்பீசை எடுத்துத் தரையில் புள்ளி வைத்தார். நடுவில் ஐந்து, இரண்டு பக்கமும் நாலு, மூன்று என்று. கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் சுற்றி முடித்தார். தாளையும் தரையையும் மாறி மாறிப் பார்த்த பாப்பாவுக்கு நம்பவே முடியவில்லை. பாட்டி வீட்டு வாசலில் தினமும் காலையில் தாண்டிப் போகிற கோலத்தை அவள் அன்றுதான் உட்கார்ந்து பார்த்தாள்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது, அதை அந்த அம்மாதான் கண்டுபிடித்தார். நம் கோலத்தில் கோடு கோட்டை வெட்டிக்கொண்டு போகும், அவ்வளவுதான். அவர்கள் பின்னலில் ஒரு இடத்தில் மேலே போனால் அடுத்த இடத்தில் கீழே போக வேண்டும், கயிறு பின்னுவது போல. அரிசி மாவில் மேல் கீழ் கிடையாது, ஆரி ஊசியில் உண்டு. அதனால் ஒவ்வொரு சந்திப்பிலும் சங்கிலித் தையலை நிறுத்தி, நூலை அடியில் முடிந்து, ஒரு அரிசி அகலம் இடம் விட்டு மறுபடி தொடங்கினார். நெஞ்சுத் துண்டில் மட்டும் அப்படி 32 சந்திப்பு. ஜரிகை நூல் வேறு, இழுத்தால் சுருங்கும், விட்டால் தளரும். மச்சு ஜன்னல் வெளிச்சத்தில் பதினோரு நாள் வேலை. முடித்த துண்டைக் கையில் வாங்கி விரலால் தடவினால் எந்தக் கோடு மேலே, எந்தக் கோடு கீழே என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். முதல் டிரையல் ஜூலை 24. உடை பார்க்க அருமை, ஆனால் பாப்பா நாலு அடி வைத்ததுமே முகம் சுண்டிவிட்டது. பாவாடை நிமிர்ந்து நிற்க மாஸ்டர் உள்ளே பக்ரம் என்கிற கனமான விறைப்புத் துணி வைத்திருந்தார், இரண்டு மடிப்பாக. பழைய ஐரிஷ் உடைகள் அட்டை மாதிரி விறைப்பாக இருந்தன என்பது உண்மைதான், தங்கச்சி காட்டிய படங்களில் அதுவும் கலந்திருந்தது, அதை நாங்கள் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு. இப்போது கனம் குறைந்த மெல்லிய பாவாடைதான் போடுகிறார்கள். பாப்பாவின் போனில் தாளம் தட்டும் ஆப் இருக்கிறது, ரீல் என்கிற ஆட்டத்துக்குப் போட்டியில் நிமிஷத்துக்கு 113 தட்டு என்று வேகம் வைத்திருக்கிறார்கள், அதை ஓட விட்டு ஆடினாள். அவள் குதித்து இறங்கிக் கால் தரையைத் தொட்ட பிறகு, அரை நொடி கழித்துத்தான் பாவாடை இறங்கியது. அடுத்த குதிக்கு அவள் ஏறும்போது அது இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேர் ஆடுவது போல் இருந்தது. எடை போட்டுப் பார்த்தோம், இரண்டே கால் கிலோ.

இந்த இடத்தில் வேறு சில கடைகளில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. உடையைக் கழற்றி வாங்கி, அங்கேயே பிளேடை எடுத்துப் பாவாடைத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார். பக்ரத்தை எல்லாம் உருவிவிட்டு, மெல்லிய ஆர்கன்சாவும் ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு நைலான் பட்டையும் வைத்தார், முன்பக்கத்தை மூன்று தனித் துண்டாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறும்படி அமைத்தார். அடுத்த டிரையலில் ஒரு கிலோ முந்நூறு கிராம். மறுபடியும் 113ல் ஆடினாள். பாவாடை அவளோடு ஏறியது, அவளோடு இறங்கியது. பிரித்துத் தைத்ததற்கு 1,500 ரூபாய் கூடுதலாகக் கேட்டார், கொடுத்தேன். பாதித் தவறு எங்களுடையது என்பதால் எனக்கு வருத்தமில்லை, ஆனால் முதலிலேயே "கூடுதல் ஆகும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தாமதம்தான் எனக்குப் பெரிய குறை. ஜூலை 30 என்றார், ஆகஸ்ட் 8ல் கிடைத்தது. ஆடி மாதம், கல்யாணம் இல்லை, வேலை குறைவாக இருக்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ஆவணிக் கல்யாண ஜாக்கெட் எல்லாம் ஆடியில்தான் வந்து குவிகிறது என்று அப்புறம் தெரிந்தது, பரத உடை மட்டும் தைத்துக் குடும்பம் நடத்த முடியாமல் இப்போது அவர் அதையும் வாங்கிப் போடுகிறார். நடுவில் ஆடிப்பெருக்கு வந்து இரண்டு நாள் கடை மூடல். போன் அடித்தால் எடுக்க மாட்டார், நேரில் போனால் "நாளைக்கு" என்பார். 17ஆம் தேதி விமானம், தங்கச்சிக்கு வயிற்றில் புளி கரைத்தது. தேதி நெருக்கத்தில் இருப்பவர்கள் பத்து நாள் முன்தேதி சொல்லி வைப்பது நல்லது. இன்னொன்று, பெண் பிள்ளைகள் உடை மாற்ற அங்கே திரைச்சீலை போட்ட மூலைதான், தனி அறை கிடையாது. நாங்கள் மாஸ்டர் வீட்டம்மாவிடம் சொல்லி உள்கட்டில் மாற்றிக்கொண்டோம். இத்தனை வருஷமாகப் பெண் பிள்ளைகளுக்கே தைக்கிற கடையில் இது சரியில்லை, அவரிடமும் சொன்னேன்.

அந்த ஆறு வாரமும் வீட்டில் நடந்ததையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் லீவில் பயிற்சி விட்டுப் போனால் உடை இருந்து என்ன பயன். எட்டுக்கு நாலு அடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று வாங்கித் தாழ்வாரத்தில் போட்டோம். நேராகத் தரையில் போட்டால் கால் எலும்பு வலிக்கும் என்று அடியில் பழைய கயிற்றுப் பாயும் ரப்பர் விரிப்பும். காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் ஒன்றரை மணி நேரம். அப்பா சங்கீதம் படித்தவர் இல்லை, ஆனால் கோயில் கச்சேரிகளில் தவிலுக்கு முன்னால் உட்கார்ந்தே வயதானவர். முதல் இரண்டு நாள் சும்மா பார்த்தார். மூன்றாம் நாள் ஸ்லிப் ஜிக் என்று ஒரு ஆட்டம், அதைப் பாப்பா ஒன்பது ஒன்பதாக எண்ணிக்கொண்டிருந்தாள். அப்பா ஈஸிசேரிலிருந்து "தகிட தகிட தகிட" என்று தொடையில் தட்டினார். மூன்று மூன்றாக மூன்று தடவை, அச்சு அசலாக அதுதான். "தாத்தா, இன்னொரு தடவை" என்றாள். அன்றிலிருந்து ஆப்பை அணைத்துவிட்டு அவர் சொல்லுக்குத்தான் ஆடினாள். நாலு எண்ணிக்கையில் வரும் ரீலுக்குத் "தகதிமி". இப்போது டப்ளினிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் வரும்போதும் நலம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான், முதலில் தகிட.

அம்மாவுக்கு மட்டும் ஒரு விஷயத்தில் மனத்தாங்கல். போட்டியில் பெண்கள் சுருள் சுருளாக டோப்பா வைத்துக்கொள்வார்கள். இடுப்பு வரைக்கும் முடி வளர்த்து எண்ணெய் தேய்த்து விட்ட பேத்திக்கு எதற்குடி பொய் முடி என்று இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. கடைசியில் மாஸ்டர் வீட்டம்மாதான் தீர்த்து வைத்தார். நம் ஆட்டத்துக்குச் சவுரி வைத்துப் பின்னுவதில்லையா, அது போலத்தான் இதுவும் என்று அம்மாவுக்கு எடுத்துச் சொல்லி, கடையில் வாடகைக்கு விடும் சவுரியைக் கையில் எடுத்துக் காட்டினார். அப்புறம் முழு டோப்பா வேண்டாம், சொந்த முடியை வாரிக் கட்டி உச்சியில் சுருள் கொண்டை மட்டும் வைப்பது என்று முடிவானது. அங்கேயும் இப்போது நிறையப் பேர் அப்படித்தான் வைக்கிறார்களாம். அம்மா தானே உட்கார்ந்து எத்தனை ஊக்கு எங்கே குத்தினால் குதிக்கும்போது நழுவாது என்று தங்கச்சிக்குப் பழக்கிக் கொடுத்தார். மாப்பிள்ளை வேலை சாக்ஸ். வெள்ளை சாக்ஸ் காலில் இறங்காமல் இருக்கத் தோலில் ஒட்டும் பசை உண்டு, போட்டிக்கு முன் அதைப் பாப்பா காலில் தடவி ஒட்டுவது ஐந்து வருஷமாக அவர்தான், வேறு யார் ஒட்டினாலும் அவளுக்குச் சரிப்படாது.

செலவைச் சொல்கிறேன். பட்டும் லைனிங்கும் 9,200, கற்கள் 4,600, ஆரி வேலை 8,000, தையல் கூலி 6,500, பிரித்துத் தைத்ததற்கு 1,500. மொத்தம் 29,800 ரூபாய், இன்றைய கணக்கில் 300 யூரோ சுமார். பில் கிடையாது, கணக்கை ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். பாதிப் பணம் முன்னதாகக் கொடுக்க வேண்டும். காரை மகாமகக் குளத்துப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்து போய்விடுங்கள், சந்துக்குள் ஆட்டோ கூடத் திரும்பாது.

துணிக்கு உள்ளே அவர் செய்த இரண்டு வேலைகள் எனக்கு வெளியே தெரியும் வேலையை விடப் பெரிதாகப்பட்டன. ஒன்று, பக்கத் தையலில் இரண்டு அங்குலமும் இடுப்புக்குக் கீழே மூன்று அங்குலமும் துணியை உள்ளே மடித்து விட்டிருக்கிறார், ஆரி வேலையும் அந்த மடிப்பைத் தொடாமல் நின்றுவிடுகிறது. பிரித்து விட்டால் பாப்பாவுக்கு 13 வயது வரைக்கும் வரும். இரண்டு, பட்டில் வியர்வை பட்டால் கறை போகாது என்று கக்கத்தில் பருத்தித் துணியில் தனி உள்பட்டை தைத்து, அமுக்கு பட்டன் வைத்துக் கழற்றித் துவைக்கிற மாதிரி கொடுத்தார். நாங்கள் கேட்கவே இல்லை. அந்தப் பழைய உடையின் கதையைத் தங்கச்சி பேச்சுவாக்கில் சொன்னதை அவர் மனதில் வைத்திருந்திருக்கிறார்.

கற்களில் ஒரு எச்சரிக்கை. ஓட்டை உள்ள கல்லை நூலால் தைத்த இடமெல்லாம் அப்படியே இருக்கிறது. பாவாடை ஓரத்தில் வேகமாக முடிக்கப் பசை போட்டு ஒட்டிய கற்களில் ஆறு இதுவரை விழுந்துவிட்டன, ஜரிகை மேல் பசை நிற்பதில்லை. மேடையில் விழுந்தால் அடுத்து ஆடுகிற பிள்ளை அதன்மேல் கால் வைத்துச் சறுக்கும், இது விளையாட்டு இல்லை. கடையில் கொடுக்கும்போதே "எல்லாக் கல்லும் தைத்த கல்லாக வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள், இன்னும் மூன்று நாலு நாள் ஆனாலும் பரவாயில்லை. உதிரிக் கல் ஒரு பொட்டலம் மாஸ்டரே கொடுத்திருந்ததால் மாப்பிள்ளை ஊசி நூல் வாங்கி ஆறையும் தைத்துவிட்டார்.

உடையை வாங்கிய அன்று சாயங்காலம் சாரங்கபாணி கோயிலுக்குக் கூட்டிப் போனேன். கோபுரத்தில் நாட்டிய நிலைகளைக் காட்டும் கரணச் சிற்பங்கள் இருக்கின்றன, மாஸ்டர் காட்டச் சொல்லியிருந்தார். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றவள், ஒரு சிற்பத்தின் காலைக் காட்டி, "மாமா, இந்தக் கால் எனக்கு வரும், கைதான் வராது" என்றாள்.

அக்டோபரில் அந்த உடையோடு முதல் போட்டி. நாங்கள் இங்கே இரவு வரை முழித்திருந்தோம், அப்பா சாப்பிடவே இல்லை. இருபத்திரண்டு பேரில் பாப்பா நாலாவதாக வந்தாள். டீச்சர் உடையின் நெஞ்சுப் பின்னலைத் தொட்டுப் பார்த்து, எந்தக் கம்பெனி என்று கேட்டாராம். கும்பகோணம் என்று தங்கச்சி எழுதிக் காட்டியிருக்கிறாள்.

அந்த வீடியோவை எடுத்துக்கொண்டு மறுநாள் கடைக்குப் போனேன். மாஸ்டரும் வீட்டம்மாவும் மிஷினை நிறுத்திவிட்டு, போனைத் துணி வெட்டும் மேஜையில் சாய்த்து வைத்து மூன்று தடவை பார்த்தார்கள். வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாஸ்டர் நாலாவது தடவை ஓட விட்டு, ஒரு இடத்தில் விரலால் தொட்டு நிறுத்தினார். "இடது பக்கப் பாவாடை ஒரு நூல் ஏறுது சார். அடுத்த லீவுக்கு வரும்போது மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லுங்க."